கிருமியை விரட்டக் கிருமி! மண்ணில் விடலாமா, கூடாதா?

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். கிருமியை அடக்கும் வழி இன்னொரு கிருமிக்குத் தெரியும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

மனிதனைப் போலவே செடிகளுக்கும் நோய் வருகிறது. அவற்றில் பல நோய்களைக் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா என்னும் கிருமிகள் உண்டாக்குகின்றன. மனிதனுக்கு நோய் வந்தால் வைத்தியரிடம் ஓடுகிறான். செடி எங்கே ஓடும்? நின்ற இடத்திலேயே நின்று வாடுகிறது. அதை நம்பியிருக்கும் விவசாயியும் சேர்ந்து வாடுகிறான்.

அந்தச் செடியின் வேருக்கு, மண்ணிலேயே வாழும் ஒரு நல்ல கிருமியைக் காவல் வைத்தால் என்ன? அந்தக் காவல் கிருமியின் மரபணுவில் சிறிது கை வைத்து, அதை இன்னும் நம்பகமான காவலாளி ஆக்கினால் என்ன?

இது கற்பனைக் கதை அல்ல. ஆஸ்திரேலியாவில் 1980-களின் முடிவிலேயே நடந்துவிட்ட காரியம். மரபணு மாற்றிய உயிர் ஒன்றைப் பயிர்ப் பாதுகாப்புக்காக வெளி மண்ணில் விட, உலகிலேயே முதன்முறையாக அங்கேதான் வியாபார அனுமதி கிடைத்தது.

இப்போது பல நாடுகளில் பலவிதமான பாக்டீரியாக்களை மாற்றி வயலில் விடும் முயற்சி நடக்கிறது. "இது நல்லதா, கெட்டதா?" என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர்கள், முதலில் நடந்த அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

கழுத்தில் ஒரு கட்டி

பீச் என்று ஒரு பழம் உண்டு. குளிர்ப் பிரதேசத்தில் விளைவது. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். மாம்பழத்தைப் போல உள்ளே ஒரே ஒரு கொட்டை இருக்கும். பாதாம், பிளம், செர்ரி ஆகியவையும் இதன் உறவுக்கார மரங்களே.

இந்த மரங்களின் கன்றுகளை நாற்றுப் பண்ணையில் வளர்த்து, பிறகு பிடுங்கித் தோட்டத்தில் நடுவது வழக்கம். அப்படிப் பிடுங்கும்போது சில கன்றுகளில் வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில் ஒரு கட்டி இருக்கும். சில கட்டி பட்டாணி அளவு. சில கட்டி பந்து போலப் பெரியது. கரடுமுரடாக, மரக்கட்டை போல இருக்கும்.

இதுதான் கழலை நோய். கட்டி வந்த கன்று நன்றாக வளராது. நீரும் சத்தும் மேலே ஏறுவதற்கு அந்தக் கட்டி இடைஞ்சல் செய்யும். அந்தக் கன்றை யாரும் வாங்க மாட்டார்கள். பண்ணைக்காரருக்கு இரண்டு மூன்று வருஷப் பாடு வீண்.

ரோஜா, ஆப்பிள், திராட்சை என்று நூற்றுக்கணக்கான செடி வகைகளை இந்த நோய் பிடிக்கும். கட்டியை வெட்டி எறிந்தாலும் போகாது. மண்ணில் கிருமி தங்கிவிடும். மருந்து அடித்தாலும் பலன் இல்லை. வேரில் ஒரு சிறு காயம் இருந்தால் போதும். ஒட்டுக் கட்டும்போதோ, பிடுங்கி நடும்போதோ, களை கொத்தும்போதோ காயம் படாமல் இருக்குமா? அந்தக் காயத்தின் வழியாகக் கிருமி உள்ளே நுழைந்துவிடும்.

குற்றவாளி யார்?

இந்தக் கட்டியை உண்டாக்குவது ஒரு பாக்டீரியாதான் என்று 1907-ம் ஆண்டில் எர்வின் ஸ்மித், டவுன்சென்ட் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது டெய்சி என்ற பூச்செடியில் வந்த கட்டியை. அந்தக் கிருமிக்குப் பின்னாளில் அக்ரோபாக்டீரியம் என்ற பெயர் நிலைத்தது.

குற்றவாளி பிடிபட்டான். ஆனால் அவன் எப்படிக் குற்றம் செய்கிறான் என்பது எழுபது ஆண்டுகள் வரை முழுவதாகப் புரியவில்லை.

1974-ல் பெல்ஜியம் நாட்டில் கென்ட் நகர விஞ்ஞானிகளான யோசெப் ஷெல், மார்க் வான் மாண்டேகு குழுவினர் ஒன்றைக் கண்டார்கள். நோய் தரும் கிருமிக்குள் ஒரு பெரிய வளையம் இருந்தது. நோய் தராத கிருமியில் அது இல்லை. மரபணுக்கள் கோத்த மாலை போன்ற இந்த வளையத்துக்குப் பிளாஸ்மிட் என்று பெயர்.

1977-ல் அமெரிக்காவில் மேரி டெல் சில்டன் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அடுத்த உண்மையைக் காட்டினார்கள். அந்த வளையத்தின் ஒரு துண்டைக் கிருமி வெட்டி எடுத்துச் செடியின் செல்லுக்குள்ளேயே செலுத்திவிடுகிறது! அந்தத் துண்டு செடியின் மரபணுக்களோடு ஒட்டிக்கொள்கிறது.

அதன் பிறகு அந்தச் செல் செடியின் பேச்சைக் கேட்பதில்லை. கிருமி எழுதிக் கொடுத்த கட்டளைப்படி நடக்கிறது. அளவில்லாமல் பெருகிக் கட்டியாகிறது. அத்துடன் நிற்பதில்லை. அந்தக் கிருமிக்கு மட்டுமே பிடித்தமான விசேஷ உணவு ஒன்றையும் சமைத்துக் கொடுக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்த திருடன், வீட்டுக்காரரையே தனக்குச் சமையல்காரர் ஆக்கிக்கொண்டது போல!

அடிலெய்டில் ஓர் ஆராய்ச்சி

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் அடிலெய்டு. அங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெயிட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஆலன் கெர் என்ற விஞ்ஞானி இருந்தார். அவர் ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். செடி நோய்களை ஆராய்வது அவருடைய தொழில்.

1960-களின் நடுவில் அவர் சில ஆண்டுகள் இலங்கையில் இருந்தார். அங்குள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில், தேயிலைக் கொழுந்தைக் கொப்புளமாக்கிக் கெடுக்கும் பூஞ்சண நோயைப் பற்றி ஆராய்ந்தார். மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளர்கள் கிள்ளிக் கூடையில் போடும் அதே கொழுந்துதான். எந்தப் பருவத்தில், எப்படிப்பட்ட வானிலையில் அந்த நோய் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வழி தேடினார்.

ஆஸ்திரேலியாவில் அவர் கழலை நோயை எடுத்துக்கொண்டார். 1969-ல் ஒரு வேடிக்கையான விஷயத்தை வெளியிட்டார். நோய் தரும் கிருமியையும் நோய் தராத கிருமியையும் ஒரே செடியில் விட்டார். சில காலம் கழித்துப் பார்த்தபோது, சாதுவாக இருந்த கிருமியும் நோய் தரும் கிருமியாக மாறியிருந்தது!

கெட்ட சகவாசம் கிருமியையும் கெடுக்கும் போலிருக்கிறது. இது எப்படி நடந்தது என்பது அப்போது தெரியவில்லை. கிருமிகள் தங்கள் வளையத்தை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன என்பது பின்னால்தான் விளங்கியது. இந்தக் கைமாற்று விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் திருப்பமே இதில்தான் இருக்கிறது.

84-ம் நம்பர் கிருமி

கெரும் அவருடைய மாணவர் நியூ என்பவரும் தோட்டத்து மண்ணை எடுத்துச் சோதித்தார்கள். நோய் வந்த மரத்தின் அடியிலும் நல்ல மரத்தின் அடியிலும் எத்தனை நல்ல கிருமி, எத்தனை கெட்ட கிருமி என்று கணக்கெடுத்தார்கள். நல்ல கிருமிகள் பெருத்திருந்த இடத்தில் நோய் குறைவு என்று தெரிந்தது.

அப்படியானால் நல்ல கிருமியை வேண்டுமென்றே அதிகமாகச் சேர்த்தால் என்ன?

பலவற்றைச் சோதித்ததில் ஒன்று மிகச் சிறந்ததாக இருந்தது. அதற்கு 84 என்று நம்பர். அது கட்டி வந்த ஒரு பீச் மரத்தைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்தே கிடைத்தது. நோயும் அங்கே. மருந்தும் அங்கே!

விதைகளையும் வேர்களையும் 84-ம் நம்பர் கிருமி கலந்த நீரில் முக்கி நட்டார்கள். கழலை நோய் பெருமளவு குறைந்தது. 1972-ல் இந்த முடிவுகள் வெளியாயின. 1973-லேயே ஆஸ்திரேலியப் பண்ணைகளில் இது நடைமுறைக்கு வந்தது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல

84-ம் நம்பர் கிருமி எப்படிக் காவல் செய்கிறது? அது ஒரு விஷத்தை உற்பத்தி செய்கிறது. அதன் பெயர் அக்ரோசின் 84. இது மனிதர்களுக்குக் கொடுக்கும் மருந்து வகைகளில் ஒன்று அல்ல.

இந்த விஷத்தின் வேலை மிகவும் சாமர்த்தியமானது. கழலைக் கிருமி செடியைக் கொண்டு தனக்கு விசேஷ உணவு சமைத்துக்கொள்கிறது அல்லவா? அந்த உணவை உள்ளே இழுப்பதற்கென்று தன் உடம்பில் ஒரு தனி வாசல் வைத்திருக்கிறது. அக்ரோசின் விஷம் அந்த உணவைப் போலவே வேஷம் போட்டு அதே வாசல் வழியாக உள்ளே போகிறது. உணவு வந்தது என்று எண்ணிக் கிருமி விழுங்குகிறது. விழுங்கியதும் சாகிறது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்தவும் முடியாது. கழலைக் கிருமியின் கதியும் அதுதான். எந்த வாசல் வழியாகத் திருட்டுச் சோறு வருகிறதோ, அதே வாசல் வழியாக எமனும் வருகிறான்.

அந்த வாசல் இல்லாத மற்ற கிருமிகளை இந்த விஷம் ஒன்றும் செய்வதில்லை. ஆகவே மண்ணில் உள்ள நல்ல உயிர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. ரசாயன மருந்துகளில் பல, நல்லது கெட்டது பாராமல் கொல்கின்றன. இது ஆள் பார்த்து அடிக்கிறது.

தான் செய்யும் விஷத்தால் 84-ம் நம்பர் கிருமி சாகாதா? சாகாது. அந்த விஷத்துக்கு மாற்று மருந்தும் அதனிடமே இருக்கிறது. விஷம் செய்யும் கட்டளையும், அதிலிருந்து தப்பும் கட்டளையும் ஒரே வளையத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருந்தது.

கிரீஸ் நாட்டில் வந்த எச்சரிக்கை

84-ம் நம்பர் கிருமியின் வளையம், மற்ற கிருமிகளுக்குக் கைமாறக் கூடிய வளையம்.

நல்ல கிருமியும் கெட்ட கிருமியும் ஒரே வேரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நல்ல கிருமி தன் வளையத்தின் நகல் ஒன்றைக் கெட்ட கிருமிக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? மாற்று மருந்து கெட்ட கிருமியின் கைக்குப் போய்விடும். பிறகு எவ்வளவு விஷம் வந்தாலும் அது சாகாது. காவல்காரனே திருடனிடம் சாவிக் கொத்தைக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

இது வெறும் பயம் அல்ல. கிரீஸ் நாட்டில் விஞ்ஞானிகள் இதைக் கண்ணால் கண்டார்கள். 84-ம் நம்பர் கிருமியில் முக்கி நட்ட செடிகளிலும் சில கட்டிகள் வந்தன. அந்தக் கட்டிகளில் இருந்த நோய்க் கிருமியை எடுத்துப் பார்த்தால், காவல் கிருமியின் வளையம் அதற்குள் இருந்தது! 1979-ல் இந்தச் செய்தி வெளியாயிற்று.

இப்படியே விட்டால் என்ன ஆகும்? விஷத்துக்கு அஞ்சாத கிருமிகள் பெருகும். சில ஆண்டுகளில் அந்த நல்ல முறை பயனற்றுப் போகும். பண்ணைக்காரர்கள் பழைய நிலைக்கே திரும்ப வேண்டும்.

நறுக்கியது மட்டும்தான்

கெர் குழுவினர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வளையத்தில் மூன்று வகையான கட்டளைகள் உள்ளன. விஷம் செய்வது ஒன்று. விஷத்திலிருந்து தப்புவது இரண்டு. வளையத்தை மற்றவர்க்குக் கொடுப்பது மூன்று. முதல் இரண்டும் வேண்டும். மூன்றாவதை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டால்?

அவர்கள் அதைத்தான் செய்தார்கள். அந்த வளையத்தில் சுமார் 44,000 எழுத்துக்கள் உள்ளன என்று பிற்கால ஆராய்ச்சி சொல்கிறது. அதில் கைமாற்றும் வேலைக்கு உரிய பகுதியில் சுமார் 6,000 எழுத்துக்களை நீக்கினார்கள். அதாவது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. கடைசியாகக் கிடைத்த கிருமியில் வேறு எந்த உயிரின் மரபணுவும் மிஞ்சவில்லை. இருந்ததில் கொஞ்சம் போயிற்று, அவ்வளவுதான்.

புதிய கிருமிக்குக் கே 1026 என்று பெயர் வைத்தார்கள். இதன் விவரம் 1988-ல் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. நோய்க் கிருமியை அடக்குவதில் அது பழைய கிருமிக்குச் சளைத்ததல்ல என்றும் சோதனைகள் காட்டின. ஆஸ்திரேலிய அதிகாரிகள் பரிசீலித்து அனுமதி கொடுத்தார்கள். 'நோகால்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. 'கட்டி இல்லை' என்று பெயருக்குப் பொருள்.

1990-ல் ஆஸ்திரேலிய அரசு 'ஆஸ்திரேலியா பரிசு' என்ற விஞ்ஞானப் பரிசை முதன்முறையாக வழங்கியது. அதைப் பெற்ற மூவரில் கெர் ஒருவர். மற்ற இருவர் பெல்ஜியத்தின் ஷெல், அமெரிக்காவின் யூஜின் நெஸ்டர்.

அங்கே அமைதி, இங்கே அமளி

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு காட்சி நடந்தது.

சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வகை ஒன்று இலைகளின் மேல் இருந்தால், குளிர் காலத்தில் உறைபனி சீக்கிரம் பிடித்துச் செடி கருகும். அந்தக் கிருமியில் பனி பிடிக்க வைக்கும் மரபணுவை மட்டும் நீக்கினார்கள். அந்தக் கிருமியைப் பயிரில் தெளித்து, கெட்ட கிருமிக்கு இடம் இல்லாமல் செய்ய நினைத்தார்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டீவன் லிண்டோ என்ற விஞ்ஞானியின் யோசனை இது.

வழக்குகள் வந்தன. பல ஆண்டுகள் தாமதம் ஆயிற்று. 1987 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பிரென்ட்வுட் என்ற ஊரில் ஸ்டிராபெரிச் செடிகளின் மீது தெளித்தார்கள். தெளித்தவர் உடம்பு முழுவதும் மூடிய அங்கியும் முகமூடியும் அணிந்திருந்தார். விண்வெளிக்குப் போகிறவரைப் போன்ற அந்தத் தோற்றத்தைப் பார்த்த ஜனங்களுக்குப் பயம் வராமல் என்ன செய்யும்? தெளிப்பதற்கு முன்பே எதிர்ப்பாளர்கள் தோட்டத்தில் புகுந்து செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். கடைசியில் அந்தக் கிருமி விற்பனைக்கு வரவே இல்லை.

இரண்டிலும் செய்த வேலை ஒன்றுதான்: ஒரு மரபணுப் பகுதியை நீக்கியது. ஆனால் ஒன்று ஊருக்குள் வந்தது. மற்றொன்று வாசலிலேயே நின்றுவிட்டது.

ஏன் இந்த வித்தியாசம்? ஆஸ்திரேலியாவில் பண்ணைக்காரர்களுக்கு 84-ம் நம்பர் கிருமியோடு பதினைந்து ஆண்டுப் பழக்கம் இருந்தது. கண் முன்னே நோய் இருந்தது. மாற்றம் செய்ததே பாதுகாப்புக்காக என்பதும் எளிதில் புரிந்தது. கலிபோர்னியாவில் ஜனங்களுக்கு அது புத்தம் புதிய பொருள். புரிய வைப்பதற்கு முன்பே அங்கியும் முகமூடியும் வந்துவிட்டன.

சர்வ ரோக நிவாரணி அல்ல

கே 1026 ஏதோ மந்திரக் கிருமி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதற்கும் எல்லை உண்டு.

முதலாவது, அது வந்த நோயைத் தீர்க்காது. வருமுன் காக்கும் மருந்து அது. கிருமி தன் துண்டைச் செடிக்குள் செலுத்திய பிறகு எத்தனை முறை முக்கினாலும் பயன் இல்லை. அதன் பிறகு கிருமியே செத்தாலும் கட்டி வளரும்.

இரண்டாவது, எல்லாக் கழலைக் கிருமிகளையும் அது அடக்காது. அந்தத் தனி வாசல் இல்லாத வகைகளை விஷம் தொடுவதில்லை. திராட்சைக் கொடியில் கழலை உண்டாக்கும் கிருமி இப்படித் தப்பித்துக்கொள்ளும் வகை. ஆகவே திராட்சைத் தோட்டக்காரருக்கு இதனால் பலன் கிடைக்கவில்லை.

மூன்றாவது, இது உயிருள்ள சரக்கு. வெயிலில் வைத்தால் செத்துப் போகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைத்தால் செத்துப் போகும். ரசாயன மருந்து டப்பாவைப் போல் எங்கேயோ ஒரு மூலையில் போட்டு வைத்து, நினைத்தபோது எடுக்க முடியாது. உபயோகிக்கிறவருக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

நமது நாட்டின் நிலை

பயிரைக் காக்க நல்ல பாக்டீரியாவைப் பயன்படுத்துவது தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் புதிது அல்ல. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சிபாரிசு செய்யும் சூடோமோனாஸ் புளூரசன்ஸ் என்ற பாக்டீரியாத் தூளைப் பலர் அறிவார்கள். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து விதைக்கிறார்கள். ஆனால் அது மண்ணிலிருந்து எடுத்த இயற்கையான கிருமி. அதன் மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மரபணு மாற்றிய கிருமிகளுக்கு இந்தியாவில் தனிச் சட்டதிட்டம் இருக்கிறது. 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-ல் விதிகள் செய்யப்பட்டன. மத்திய அரசின் மரபணுப் பொறியியல் குழு அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட கிருமியை வெளியில் விட முடியாது.

2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. பி.டி. கத்தரிக்காய் 2010-ல் நிறுத்தி வைக்கப்பட்டது. இந்த இரண்டு செடிகளிலும் புதிய மரபணுவைக் கொண்டுபோய் வைத்தது யார் தெரியுமா? அதே அக்ரோபாக்டீரியம்தான்! செடிக்குள் துண்டைச் செலுத்தும் அதன் திருட்டுக் கலையை, விஞ்ஞானிகள் அதன் நோய்க் கட்டளைகளை எடுத்துவிட்டுத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். இந்தக் கலையை வளர்த்ததற்காக வான் மாண்டேகு, சில்டன், ராபர்ட் பிரேலி ஆகிய மூவருக்கும் 2013-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

2022-ல் இந்திய அரசு, வேறு உயிரின் மரபணு சேராமல் திருத்தப்பட்ட சில வகைச் செடிகளுக்கு விதிகளில் சலுகை அளித்தது. அது செடிகளுக்கு அளித்த சலுகை. செடி வேறு, கிருமி வேறு. செடியை வேலி போட்டு வளர்க்கலாம். வேண்டாம் என்றால் பிடுங்கி எரிக்கலாம். கிருமியை எப்படிப் பிடுங்குவது?

இரண்டு பக்க நியாயம்

"இயற்கையில் இல்லாததை மண்ணில் விடாதே. விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது" என்கிறார்கள் ஒரு சாரார். இதில் நியாயம் இருக்கிறது. கிருமி மழை நீரோடு போகும். கலப்பையில் ஒட்டிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போகும். வேலியும் வரப்பும் அதற்கு இல்லை.

"மண்ணில் கோடிக்கணக்கான கிருமிகள் தாங்களாகவே மரபணுக்களைக் கைமாற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. நோயால் பயிர் அழிவதும் ஆபத்துதான். ரசாயனத்தைக் கொட்டுவதும் ஆபத்துதான்" என்கிறார்கள் மற்றொரு சாரார். இதிலும் நியாயம் இருக்கிறது.

கழலை நோயின் கதை இரண்டு சாராருக்கும் ஒரு பாடம் சொல்கிறது. இயற்கையான 84-ம் நம்பர் கிருமிதான் தன் மாற்று மருந்தை நோய்க் கிருமிக்குக் கொடுத்தது. மனிதன் கை வைத்த கே 1026 அந்தக் கைமாற்றை நிறுத்துவதற்காகவே செய்யப்பட்டது. ஆகவே 'இயற்கை' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு நல்லது என்று சொல்லிவிட முடியாது. 'மரபணு மாற்றம்' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது.

அதே சமயம், ஒரு கிருமி நல்லபடியாக நடந்துகொண்டது என்பதற்காக எல்லாக் கிருமிக்கும் கதவைத் திறந்துவிடவும் கூடாது. கே 1026-ல் ஒரு துண்டை நீக்கினார்கள். நாளைக்கு வருவது வேறு உயிரின் மரபணுவைச் சேர்த்த கிருமியாக இருக்கலாம். அமெரிக்காவில் 2019 முதல், மக்காச்சோளத்துக்குக் காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துக் கொடுக்கும்படி மரபணு திருத்திய பாக்டீரியாவை பிவட் பயோ என்ற கம்பெனி விற்று வருகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் எடை போட வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

இப்படி ஒரு கிருமி வருகிறது என்று செய்தி வந்தால், சாதாரண ஜனங்கள் என்ன கேட்க வேண்டும்? அதற்குப் பெரிய விஞ்ஞானப் படிப்பு தேவையில்லை. ஐந்து கேள்விகள் போதும்.

அந்தக் கிருமியில் எதைச் சேர்த்தார்கள், அல்லது எதை நீக்கினார்கள்?

சேர்த்த மரபணு மற்ற கிருமிக்குக் கைமாறுமா?

அது கொல்வது நோய்க் கிருமியை மட்டுமா, நல்ல கிருமிகளையும் சேர்த்தா?

விட்ட பிறகு அது எத்தனை காலம் மண்ணில் இருக்கிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று யார் கண்காணிப்பார்கள்?

கடைசியாக, வாங்கும் விவசாயிக்கு இது இன்னது என்று டப்பாவின் மேல் அவருடைய பாஷையில் எழுதியிருக்கிறதா?

இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் இருந்தால் பயப்படக் காரணம் குறைவு. பதில் சொல்ல மறுத்தால், எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் சந்தேகப்படுவது நியாயம். கெர் குழுவினர் இரண்டாவது கேள்வியைத் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் கே 1026.

பீச் கன்றின் வேரைக் காவல் கிருமி கலந்த நீரில் முக்க வேண்டியது நடுவதற்கு முன்புதான். நட்டுக் கட்டி வந்த பிறகு முக்கினால் ஒன்றும் நடக்காது. கேள்விகளும் அப்படித்தான். கிருமியை மண்ணில் விடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.